கன்ட்ரோலர் அக்கா பதில்கள்: மறுநாள் காலை என்ன நடந்தது?

போன இதழில் ஒரு பதிலின் நடுவே, ‘வீடியோ கேம்களில் வரும் படுக்கையறைக் காட்சிகளில் முக்கால்வாசி எதையும் சொல்வதில்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனேன். மெயில் குவிந்துவிட்டது. திட்டியவர்கள், தலையாட்டியவர்கள், ‘அக்கா, நீங்களும் இதையெல்லாம் விளையாடுவீர்களா?’ என்று அதிர்ந்தவர்கள் எல்லாருக்கும் சேர்த்து இந்த இதழ். கதை முடிச்சுகளை அவிழ்த்துவிட்டுத்தான் பேசப்போகிறேன். பாதி ஆட்டத்தில் இருப்பவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

இரண்டு பேர் நெருங்கிவிட்டார்கள் என்று காட்ட அதைவிட நேரடியான வழி என்ன இருக்கிறது? சும்மா பத்தாம்பசலித்தனமாகப் பேசாதீர்கள் அக்கா.
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

நேரடியான வழிதான், இல்லை என்று யார் சொன்னது? நான் பார்ப்பது ஒன்றுதான் தம்பி. மறுநாள் காலையில் அந்த இரண்டு பேரும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள்? முந்தின நாள் பேசிய அதே நாலு வசனத்தைத் திரும்பப் பேசினால், அந்த இரவு நடந்ததும் நடக்காததும் ஒன்று.

‘மாஸ் எஃபெக்ட்’ வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவில் எட்மண்டன் நகரத்து பயோவேர் கம்பெனி செய்தது. முதல் பாகம் 2007-ல் வந்தது. கமாண்டர் ஷெப்பர்டாக நாம் விண்கலத்தில் ஒவ்வொருவர் அறையாகப் போய்ப் பேசிப் பேசி நெருங்குகிறோம். கடைசியில், இலோஸ் கிரகத்துக்குப் போகும் வழியில், நாம் காதலிக்கும் ஆள் கேபின் கதவைத் தட்டுகிறார். இரண்டாம் பாகத்தில் ஒமேகா 4 ரிலே என்ற விண்வெளி வாசலுக்குள் நுழைவதற்கு முன்னால் அதே கதவு தட்டல். மூன்றாம் பாகத்தில் எதிரியின் தலைமையகத்தைத் தாக்கப் போவதற்கு முன்னால் மறுபடியும். மூன்று பாகத்திலும் ஒரே நேரம், ஒரே முகூர்த்தம்! ‘நாளைக்குச் செத்துவிடலாம், அதனால் இன்றைக்கே’ என்ற நியாயம் ஒரு தடவை எடுபடும். ஆனால் அதற்கப்புறம் சண்டை, வெடி, பெயர்ப் பட்டியல். மறுநாள் காலை என்பதே கிடையாது. இத்தனை மணி நேரம் பேசியதற்குப் பரிசாக ஒரு காட்சி. பரிசு கையில் வந்ததும் பேச்சு நின்றுபோகிறது. இரண்டாம் பாகத்தில் அந்த இரவுக்கு ஒரு அச்சீவ்மெண்ட் (சாதனைப் பதக்கம்) கூடக் கொடுத்தார்கள். திரையோரத்தில் அந்த அறிவிப்பு எட்டிப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆனால் அதே இரண்டாம் பாகத்தில் (2010) இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த வரிசையை நான் இன்னும் தூக்கி வைத்துப் பேசுகிறேன்.

ஒருத்தி ஜாக். சின்ன வயசிலிருந்து சோதனைக் கூடத்தில் வதைபட்டவள். தலையை மழித்து, உடம்பெல்லாம் பச்சை குத்திக்கொண்டு, கப்பலின் அடித்தளத்தில் இருட்டுக்குள் உட்கார்ந்திருப்பாள். நாலு வார்த்தை பேசியதுமே, ‘படுக்கத்தானே வந்தாய், சரி வா’ என்கிற தொனியில் அவளே அழைப்பாள். ஆணாக விளையாடுகிறவர்கள் அப்போது சரி என்றால் காட்சி உடனே கிடைக்கும். அதோடு கதவு சாத்தப்படும். அவளோடு காதல் என்பது அப்புறம் இல்லவே இல்லை. வேண்டாம் என்று சொல்லி, பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தால், கடைசிப் பயணத்துக்கு முந்தின இரவு அவளாகவே கேபினுக்கு வருவாள். கண்ணில் நீர் நிற்கும். வாயாடி ஜாக்கிடமிருந்து பேச்சே வராது. பரிசைச் சீக்கிரம் எடுத்தவனுக்கு உறவு கிடையாது என்று ஆட்டத்தின் விதியே சொல்கிறது பாருங்கள். படத்திலோ நாவலிலோ இதை இப்படிச் செய்ய முடியாது. தவறான பதிலை நாம்தான் அழுத்தியிருக்க வேண்டும்.

இன்னொருவன் கேரஸ். பறவையும் பல்லியும் கலந்த மாதிரி முகம் கொண்ட வேற்றுக்கிரகத்து ஆள். பெண் ஷெப்பர்டாக விளையாடினால், அந்த இரவில் ஒயின் பாட்டிலோடு வந்து நிற்பான். பாட்டுப் போடுவான், பாட்டு சரியில்லை. பேச ஆரம்பிப்பான், உளறுவான். தன் கூட்டாளிகளையெல்லாம் துரோகத்தில் பறிகொடுத்தவன் அவன். ஒரே ஒரு விஷயமாவது சரியாக அமையட்டும் என்கிறான். கடைசியில் இரண்டு பேரும் நெற்றியை நெற்றியோடு வைத்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான், காட்சி முடிந்தது. சட்டைப் பொத்தான் ஒன்றுகூடக் கழலவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. முதல் பாகத்தின் காட்சிக்காக 2007 நவம்பரில் சிங்கப்பூர் அந்த கேமைத் தடை செய்தது. பெண்ணும் பெண் உருவ வேற்றுக்கிரகவாசியும் நெருங்குகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. சீக்கிரமே 18 வயது முத்திரை குத்தி விட்டுவிட்டார்கள். அடுத்த ஜனவரியில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் நியூஸில் இதற்காக ஒரு விவாதமே நடந்தது. சில நிமிஷம்கூட ஓடாத காட்சி. அதன் மறுநாள் காலையைப் பற்றி யாரும் விவாதம் நடத்தவில்லை.

‘பால்டர்ஸ் கேட் 3’-ல் அஸ்டேரியனோடு முதல் அத்தியாயத்திலேயே சேர்ந்துவிட்டேன். அப்புறம் அவனே வந்து, ‘அது நடிப்பு’ என்கிறான். ஏமாந்த மாதிரி இருந்தது. கேமை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.
– பெயர் போடாதீர்கள், சேலம்

போடவில்லை. தயவுசெய்து திறந்து மீதியை விளையாடுங்கள். பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்து லேரியன் கம்பெனி 2023-ல் வெளியிட்ட இந்த கேம், வெளிவருவதற்கு முன்பே கரடிக் காட்சியால் பிரபலமாகிவிட்டது. ஹால்சின் என்ற ட்ரூயிட் (காட்டு மந்திரவாதி) கரடியாக மாறும் அந்த நேரலைத் துணுக்கால் டிக்டாக் கணக்கே முடக்கப்பட்டது. நல்ல விளம்பரம், வேறொன்றும் இல்லை. அந்தக் கூத்தின் பின்னால் மறைந்துபோனது நீங்கள் மூடி வைத்த கதைதான்.

அஸ்டேரியன் ரத்தக்காட்டேரி. கசடோர் என்ற எஜமானனிடம் 200 வருஷம் அடிமையாக இருந்தவன். அவனுடைய வேலை ஒன்றே: அழகாகப் பேசி, படுக்கைக்கு அழைத்து, வந்தவரை எஜமானனிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதே வித்தையைத்தான் உங்களிடமும் காட்டினான். நீங்கள் அவனுக்குப் பாதுகாப்பு. அதற்கு அவனுக்குத் தெரிந்த ஒரே விலை அது.

அந்த முதல் இரவுக்கு மறுநாள் காலை நினைவிருக்கிறதா? எழுந்து பார்த்தால் அவன் சட்டையில்லாமல் வெயிலில் நிற்கிறான். முதுகு முழுக்கக் கத்தியால் கீறிய வட்ட வட்டமான தழும்புகள். எஜமானன் எழுதிய கவிதை என்கிறான். இரவுக் காட்சியில் நமக்குத் தெரியாத உடம்பு காலை வெளிச்சத்தில்தான் தெரிகிறது. மறுநாளை இத்தனை கவனமாக எழுதிய கேம்கள் கொஞ்சம்தான்.

இரண்டாம் அத்தியாயத்தில் மூன்ரைஸ் கோபுரத்தில் ரத்தம் விற்கும் அராஜ் என்ற பெண் வருவாள். அஸ்டேரியன் தன்னைக் கடிக்க வேண்டும், அதற்கு விலையுயர்ந்த மருந்து தருகிறேன் என்பாள். அவனுக்குப் பிடிக்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரியும். ‘மருந்து நல்ல மருந்தாச்சே, ஒரு கடிதானே’ என்று நாம் அவனை நெருக்கலாம், ஆட்டம் தடுக்காது. பலம் கூட்டும் மருந்து என்பதால் கை துறுதுறுக்கவும் செய்யும். நாம் ‘உன் இஷ்டம்’ என்று ஒதுங்கி நின்றால், அப்புறம் அவன் தனியாக வந்து அந்த உண்மையைச் சொல்கிறான்: உன்னை மயக்கத்தான் வந்தேன், இப்போது அப்படி இல்லை, இனி என்ன செய்வது என்று தெரியவில்லை. அங்கே நமக்குக் கிடைக்கும் பதில்களில் ஒன்று, சும்மா கட்டிப்பிடிப்பது. அவன் உடம்பு முதலில் விறைத்து, பிறகு தளர்கிறது. அந்தக் கேமில் இருக்கும் நெருக்கமான காட்சி அதுதான் என்பேன். அதற்குப்பிறகு அவனோடு படுக்காமலே காதலைத் தொடரலாம், உறவு குறைந்துவிடாது. அந்தப் பாத்திரத்துக்குக் குரலும் உடலும் கொடுத்த நீல் நியூபனுக்கு 2023-ன் கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த நடிப்புக்கான விருது கிடைத்தது சும்மா இல்லை.

நீங்கள் ஏமாந்தது நிஜம். ஏமாற வைப்பதுதான் அந்த எழுத்தாளர்களின் திட்டமும். முதல் இரவை ஒரு வெற்றி என்று நினைத்து நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டும், அப்புறம் அது யாருடைய வெற்றி என்று தெரிய வேண்டும்.

அதே கேமை அடுத்த தடவை ஆடும்போது கார்லாக் என்ற பெண்ணைப் பாருங்கள். அவள் நெஞ்சில் இதயத்துக்குப் பதில் நரகத்து எஞ்சின். தொட்டால் சுட்டுவிடும். டேமன் என்ற கொல்லன் இரண்டு முறை அதைச் சரிபார்த்த பிறகுதான் ஒரு ஆளின் கையைப் பிடிக்கவே முடியும். கொழுந்துவிட்டு எரியும் ஒரு பெண் தொடுகைக்காக ஏங்கிக்கொண்டு முகாமில் உலாத்துவதைப் பார்த்துக்கொண்டு அத்தனை நேரம் விளையாடியிருப்போம். அப்புறம் அந்த முதல் அணைப்பு வந்தால் மனசு நிறைகிறது.

நெருப்பு, தண்ணீர், முடி எல்லாம் நிஜம் மாதிரியே செய்கிறார்கள். முத்தம் மட்டும் ஏன் இரண்டு பொம்மைகளை மோதவிட்ட மாதிரி இருக்கிறது?
– மதுரை வாசகர்

இது என் பழைய தொழில், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். நான் ஒரு அனிமேஷன் ஸ்டுடியோவில் ரிக்கிங் வேலை பார்த்தவள்; உருவத்துக்குள் எலும்புக்கூடு பொருத்துகிற வேலை. ஒரு உருவம் தன் தோலைத் தானே தொடுவதே தகராறு. கையைக் கட்டச் சொன்னால் முழங்கை நெஞ்சுக்குள் போய்விடும். இரண்டு உருவங்கள் தொடுவது என்றால் கேட்கவே வேண்டாம். உதட்டுக்கு உதடு அழுந்த வேண்டும். கம்ப்யூட்டருக்கு அழுந்துவது தெரியாது, ஊடுருவுவதுதான் தெரியும். அதனால் உதடு படுவதற்கு ஒரு நூல் முன்னால் நிறுத்துவார்கள், அல்லது கேமராவைப் பின்தலைக்குக் கொண்டுபோவார்கள். நீளமான முடி தோளில் விழுந்தால் இன்னொருவர் கன்னத்துக்குள் நுழையும். துணியைக் கழற்றுவது அதைவிடக் கொடுமை. திரையில் துணி கழல்வதே இல்லை; கேமரா வேறு பக்கம் பார்க்கும் நொடியில் ஒரு உருவத்தை எடுத்துவிட்டு வேறு உருவத்தை வைப்பார்கள். ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ (2009) கேமில் எல்லாரும் உள்ளாடையோடே காதல் செய்வார்கள், அதிலும் ரத்தம் தெறித்த முகத்தோடு, சண்டை முடிந்து கழுவக்கூட இல்லாமல். ‘ரைட் டு ஹெல்: ரெட்ரிபியூஷன்’ (2013) கேமில் இரண்டு பேரும் முழு உடையோடு, ஜாக்கெட் உட்பட! பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இதில் வீரனை நாமே உருவாக்கும் கேம் என்றால் குள்ளனா, ராட்சதனா, ஆணா, பெண்ணா என்று ஒவ்வொரு உடம்புக்கும் தனியாகச் சரிசெய்ய வேண்டும். அதனால்தான் கண்ணுக்கும் கைக்கும் குளோசப் வைப்பவர்கள் ஜெயிக்கிறார்கள். நம் பழைய சினிமாவில் இரண்டு பூக்கள் உரசுமே, அதேதான். 2005-ல் வந்த ‘காட் ஆஃப் வார்’ முதல் பாகத்தில் கதாநாயகன் கிரேட்டோஸ் இரண்டு பெண்களோடு கட்டிலில் இருக்கும்போது கேமரா மேஜைமேல் ஆடும் ஜாடிக்குத் திரும்பிவிடும். பூவுக்குப் பதில் ஜாடி.

‘ஹெவி ரெயின்’ கேமில் அந்தக் காட்சியில் பட்டன் அழுத்தி உடை கழற்றச் சொல்வார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. இது எனக்கு மட்டும்தானா?
– திருச்சி வாசகி

இல்லை. பாரிஸில் இருக்கும் குவான்டிக் ட்ரீம் கம்பெனிக்கு இந்தப் பழக்கம் முன்பே உண்டு. 2005-ல் ‘ஃபாரன்ஹைட்’ கேமில் இப்படி ஒரு காட்சி வைத்து, அமெரிக்கப் பதிப்பில் வெட்ட வேண்டியதாயிற்று. ‘ஹெவி ரெயின்’ 2010. கதாநாயகன் ஈதனின் மகன் கடத்தப்பட்டிருக்கிறான். மழை பெய்யப் பெய்ய அவன் இருக்கும் குழியில் தண்ணீர் ஏறுகிறது. அப்பாவோ மோட்டல் அறையில் மேடிசன் என்ற பெண்ணை முத்தமிடலாமா என்று நம்மைக் கேட்கிறான். எனக்குக் கூச்சமெல்லாம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ‘டேய், பிள்ளை!’ என்று வாய்விட்டே சொன்னேன். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் காட்சிக்கு மறுபக்கம் இருக்கிறது. அவள் பத்திரிகையாளர், தன்னைப் பற்றி எழுத வந்தவள் என்று அவனுக்குத் தெரியவரும். மன்னிப்பதா விரட்டுவதா என்பது நம் கையில். முடிவும் அதைப் பொறுத்து மாறும். காட்சியை வைத்த நேரம் தப்பு, விளைவு சரி.

பட்டன் சங்கதிக்குப் பெரிய உதாரணம் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்’. காதலி ‘காபி சாப்பிட வருகிறாயா?’ என்று வீட்டுக்குள் கூப்பிடுவாள், கேமரா வாசலிலேயே நின்றுவிடும், வீடு ஆடும். அதுதான் கடைக்கு வந்த கேம். உள்ளே நடப்பதை ஒரு பட்டன் விளையாட்டாகச் செய்து, பிறகு முடக்கி, குறுந்தகட்டிலேயே விட்டுவிட்டார்கள். நெதர்லாந்துக்காரர் ஒருவர் 2005-ல் அதைத் திறந்துவிட்டார். ஜூலையில் அமெரிக்காவில் அதன் முத்திரை வயது வந்தோருக்கு மட்டும் என்று மாறியது, பெரிய கடைகள் அலமாரியிலிருந்து எடுத்தன. முடக்கப்பட்ட அந்தத் துண்டில் ஒரு மீட்டர் இருக்கும். தாளம் தவறாமல் அழுத்தினால் அது ஏறும். உறவு என்றால் மீட்டர் ஏற்றுவது என்ற புத்தி அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. பரிசுப் பொருளாகக் கொடுத்துக் கொடுத்து அன்பை ஏற்றும் கேம்கள் எல்லாம் இதற்குத் தூரத்துச் சொந்தம்தான், உண்டியலில் காசு போடுகிற மாதிரி.

என் மகனுக்கு 14 வயது. ஹாலில்தான் பிஎஸ்5 இருக்கிறது. என்ன செய்ய?
– ஒரு தாய், கொழும்பு

ஹாலிலேயே இருக்கட்டும். வாங்கும் முன் அட்டையில் இருக்கும் வயது முத்திரையைப் பாருங்கள். ஐரோப்பியப் பதிப்பில் பெகி 18, அமெரிக்கப் பதிப்பில் எம் (17 வயதுக்கு மேல்). இந்த இதழில் நான் பேசும் பெரும்பாலான கேம்கள் அந்த ரகம்தான், 14-க்கு வேண்டாம். ‘பால்டர்ஸ் கேட் 3’-ல் நிர்வாணத்தை மறைக்க அமைப்புகளில் வசதி இருக்கிறது. அது மறைப்பதோ உடம்பை மட்டும், பேச்சை இல்லை. கன்சோலிலேயே வயது வரம்பு வைக்கலாம், கடவுச்சொல்லை மட்டும் அவன் பிறந்த தேதியாக வைக்காதீர்கள்.

‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2’-ல் ஏபி–ஓவன் காட்சி தேவையா? பார்க்கவே நன்றாக இல்லை.
– வாசகர், புதுச்சேரி

நன்றாக இல்லாமல் இருக்கத்தான் அது இருக்கிறது. சியாட்டிலில், கடல் காட்சியகத்தில் நிற்கும் ஒரு பழைய படகில், பழைய காதலர்கள் சண்டை போட்டுக்கொண்டே அதில் போய் விழுகிறார்கள். ஓவனின் துணைவி மெல் கர்ப்பமாக இருக்கிறாள். ஏபிக்கு அது தெரியும். அதற்குப்பிறகு மெல் ஏபியிடம் பேசும் இடம் வருமே, ‘உன்னோடு இனி எனக்கு ஒன்றுமில்லை’ என்கிற மாதிரி முகத்துக்கு நேராக? 2020-ல் வந்த இந்தக் கேமில் நான் கைகட்டி உட்கார்ந்து கேட்ட வசை அது. மறுநாள் இருக்கிறது, கணக்குக் கேட்க ஆளும் இருக்கிறது. காட்சி தேவைதான்.

கட்டில் காட்சியே இல்லாமல் ஒரு கணவன்–மனைவியைச் சரியாகக் காட்டிய கேம் சொல்லுங்கள்.
– பெங்களூரிலிருந்து ஒரு தம்பதி

‘அன்சார்ட்டட் 4’ (2016). புதையல் வேட்டையெல்லாம் விட்டுவிட்டு நேதனும் எலீனாவும் குடித்தனம் நடத்துகிறார்கள். மாடியில் பழைய சாகசச் சாமான்கள் பெட்டி பெட்டியாக இருக்கும்; நாமே எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். கீழே சோபாவில் மடியில் தட்டோடு சாப்பாடு. அவள் தான் எழுதும் கட்டுரையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறாள். அவன் பார்வை சுவரில் இருக்கும் படத்துக்குப் போய்விடுகிறது. அவள் கண்டுபிடித்துவிடுகிறாள். என்ன சொன்னேன் என்று கேட்கிறாள், முழிக்கிறான். கல்யாணமாகி சில வருஷம் ஆன எந்த வீட்டிலும் நடப்பது. அப்புறம் யார் பாத்திரம் கழுவுவது என்று பந்தயம். அதற்கு அவர்கள் பழைய பிளேஸ்டேஷனில் ‘கிராஷ் பேண்டிகூட்’ ஆடுகிறார்கள், அதை நாமே நிஜமாக ஆட வேண்டும். அவளுடைய ஸ்கோரைத் தாண்ட வேண்டும். நான் தாண்டவில்லை, அவள் கிண்டல் செய்தாள், எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

இது ஏன் முக்கியம் என்றால், கொஞ்ச நேரத்தில் அவன் அவளிடம் பொய் சொல்லப்போகிறான். மலேசியாவில் வேலை என்று சொல்லிவிட்டுப் புதையல் தேடிப் போய்விடுகிறான். மடகாஸ்கரில் ஹோட்டல் அறைக் கதவைத் திறந்தால் அவள் நிற்கிறாள். கத்தவில்லை, அழவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. படுக்கையறைக் காட்சி எத்தனை வைத்திருந்தாலும் அந்தப் பிசைவு வந்திருக்காது. பந்தயத்தில் தோற்றுப் பாத்திரம் கழுவியவன் அல்லவா பொய் சொல்லியிருக்கிறான்!

கடைசியாக ஒரு முக்கியமான சந்தேகம். ‘விட்சர் 3’-ல் ட்ரிஸ்ஸா, யெனிஃபரா? இரண்டு பேரையும் வைத்துக்கொள்ள வழி உண்டா?
– உங்கள் தீவிர வாசகர், திருநெல்வேலி

போலந்துக்காரர்களின் இந்த வரிசையில், 2007-ன் முதல் பாகத்தில் கதாநாயகன் கெரால்ட் யாரோடு படுத்தாலும் அந்தப் பெண்ணின் படம் போட்ட அட்டை ஒன்று கிடைக்கும். சேர்த்துக்கொண்டே போகலாம். எட்டு வருஷம் கழித்து மூன்றாம் பாகத்தில் அதே கம்பெனி எங்கே வந்து சேர்ந்தது பாருங்கள். முந்தைய பாகங்களில் கெரால்ட் பழைய நினைவுகளை இழந்திருந்தபோது, மந்திரக்காரி ட்ரிஸ் அவனோடு இருந்தாள். கேர் மோர்ஹென் கோட்டைக்கு அவனுடைய பழைய காதலி யெனிஃபர் வந்ததும் முதலில் செய்வது, ட்ரிஸ் படுத்த கட்டிலைக் கோபுர ஜன்னல் வழியாகத் தூக்கிக் கீழே போடுவது. நாம் உள்ளே நுழையும்போது மரச்சட்டம் சிதறிக் கிடக்கும். ஊடல் என்றால் அது!

நான் யெனிஃபர் கட்சி. ஸ்கெல்லிகே தீவில், மலை உச்சியில் உடைந்து கிடக்கும் கப்பலில் அவள் ஒரு பூதத்தை அடக்குவாள். கெரால்டின் பழைய வரம் ஒன்றுதான் தங்கள் காதலுக்குக் காரணமோ என்ற சந்தேகம் அவளுக்கு. வரத்தை அழித்துவிட்டு, ‘இப்போது என்ன தோன்றுகிறது?’ என்கிறாள். இத்தனை வருஷப் பழக்கம் ஒரு கேள்விக்குள் வந்து நிற்கிறது. ‘மாயம் போய்விட்டது’ என்றும் சொல்லலாம். நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து உடனே பழைய சேவுக்கு (முன்பு சேமித்து வைத்த கட்டத்துக்கு) திரும்பிவிட்டேன்.

இரண்டு பேரிடமும் ‘நேசிக்கிறேன்’ என்று சொல்லிவைத்தால் ஒருநாள் இருவரும் சேர்ந்தே உங்களை விடுதி அறைக்கு அழைப்பார்கள். ஒயின் இருக்கும், கட்டில் இருக்கும், கையைக் கட்டிலோடு கட்டுவார்கள். கட்டிவிட்டுக் கிளம்பிப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் ட்ரிஸ்ஸும் இல்லை, யெனிஃபரும் இல்லை. நோவிகிராட் துறைமுகத்தில் ட்ரிஸ்ஸை வழியனுப்பும் முன் ஒரு சேவ் தனியாகப் போட்டு வையுங்கள்.